சேற்றில் கழன்ற செருப்பு

சூரிச் அருகே, புதன் காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். களைப்பு மட்டும்தான்.

சதுப்பில் கோரை இழுக்கும் குதிரைகள் புதையாமலிருக்க அகலச் செருப்பு மாட்டுவோம். குளம்பின் அளவுக்குத் திருகி இறுக்க வேண்டும். திங்களன்று என் குதிரை லோத்திக்குக் குளம்பு சீவியிருந்தார்கள். நான் பழைய அளவிலேயே விட்டுவிட்டேன். செருப்பு கழன்று வயிறுவரை புதைந்தாள். பலகை போட்டு மீட்டோம். காயமில்லை.

அதன்பின் செருப்பு மாட்ட அவள் எனக்குக் கால் தூக்கித் தருவதில்லை. இன்றும் தராவிட்டால் அவளை வேறொருவரிடம் கொடுப்பாராம் பண்ணைக்கார ஊர்சுலா.

"யோசிக்காதை பிள்ளை," என்றார் கூட வேலைசெய்யும் கிறகோரி அண்ணை. "என்ரை மனிசிக்குக் கோவம் ஆற நாலு நாள். இவளுக்கு ரெண்டுதானே ஆகுது."

மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு? எழுதாமல் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். நீளமாகச் சொல்லுங்கள்.

லோத்தியை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். குனிந்து கால் கேட்டுப் பார்க்கிறேன்.

மகள்,
ஷரோன்