காகிதம் சுற்றாத போத்தல்

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணிக்கு,

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் ஊருக்குப் போன கடிதங்களையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். இதை உங்களுக்கு அங்கே யார் படித்துக் காட்டுவார்களோ, தெரியவில்லை. ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. சமையலறை மேசையில் ஒரு போத்தல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீங்கள் போனது அதற்கு மூன்று மாதம் முன்னால். கொடி ஏறிய அன்று நம் காஜா பெராங் வட்டாரமே தெருவில் நின்றது, அண்ணன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். இப்போதும் லாரியை எடுத்தால் மூன்று நாளைக்கு வீடு திரும்புவதில்லை. உங்கள் மகள் செல்விக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு ஆடி ஆடி, தமிழைவிட மலாய்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வருகிறது. அந்த வாய் உங்களிடமிருந்து வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

பண்டார் ஹிலிர் டாக்டரை நினைவிருக்கிறதா அண்ணி? சீமைக்குப் போய்ச் சிறுநீரக வைத்தியத்தைத் தனியாகப் படித்துவிட்டு வந்த அந்தச் சீன டாக்டர்தான். மற்ற டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்லி, மருந்து எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். இவரோ உங்கள் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டும் முதல் நாள் மருந்தே எழுதவில்லை. எந்த ஊர், காலையில் என்ன சாப்பாடு, குழம்பு யார் வைப்பது, தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் குடிப்பது என்று சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி விசாரித்தார். நீங்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ரப்பர் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணியான எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் அன்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

வேதாரண்யத்து உப்பளத்தில் பிறந்து வளர்ந்த உங்களிடம் போய் உப்பை விடச் சொன்னால்? “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுங்க தம்பி அவருகிட்ட” என்றீர்கள். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எல்லோருக்கும் கொடுக்கிற அச்சடித்த தாளை மடித்து ஓரமாக வைத்தார். “முழுக்க விடச் சொன்னா இவங்க ஒளிச்சுச் சாப்பிடுவாங்க. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. எதுல போட்டுக்கணும்னு அவங்களே சொல்லட்டும்” என்றார். நீங்கள் வெகுநேரம் யோசித்து, “காலைக் கஞ்சியில” என்றீர்கள். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போவீர்கள் என்று தெரிந்ததும், உப்பு சேர்க்காத இனிப்புக் கொழுக்கட்டை ஒன்று சாப்பிடலாம் என்று அதையும் எழுதிக் கொடுத்தார். உங்களுக்கென்றே ஒருவர் இவ்வளவு யோசித்தது உங்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையோ என்னவோ. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்தது தண்ணீர். முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அந்த அளவும், அதற்கு மேல் இரண்டு கிளாஸும்தான் குடிக்கலாம் என்றார். அளப்பதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல் கொடுத்தார். பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டித் தன் கையாலேயே கோடு போட்டிருந்தார்.

கொழுந்தன் அண்ணியிடம் கேட்கிற கேள்வியா அது? “அண்ணி, அது வந்து... சரியாப் போகுதான்னு கேக்கறாரு” என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “போகுது தம்பி” என்றீர்கள். அந்தப் போத்தலை டாக்டர் மேசையிலேயே செய்தித்தாளில் சுற்றி நூல் போட்டுக் கட்டினேன். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கட்டியபடியே உங்கள் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் எவ்வளவு என்று அவர் கேட்பார். “கழுத்து வரைக்கும் தம்பி” என்பீர்கள். நான் அதை அப்படியே சொல்வேன். டாக்டர் அதை நம்பித் தண்ணீர் அளந்தார். உங்கள் கால் வீங்கிக்கொண்டே போனது. மெட்டியைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. ஒருநாள் அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இவ்வளவு போனா இப்படி வீங்காது. நிஜமாவே அளக்கறாங்களா? இன்னொரு தடவை கேளு” என்றார்.

அண்ணி, நான் கேட்கவில்லை. உங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அளக்கறாங்க டாக்டர்” என்று நானே பதில் சொல்லிவிட்டேன். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கும் தெரியாது.

நாலு வீட்டுக்குப் பொதுவான கக்கூஸ். வாசலில் எந்நேரமும் யாராவது வாளியோடு நிற்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வர உங்களுக்கு எப்படி மனம் வரும்? எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அரிசிப் பானையை நகர்த்தினேன். பின்னால் அந்தப் போத்தல் இருந்தது. நான் சுற்றிய அதே செய்தித்தாள், நான் போட்ட அதே முடிச்சு. உட்கார்ந்து அழுதேன் அண்ணி. அண்ணன் ஏதோ உங்கள் நினைவில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் போத்தலைக் கையில் வாங்கி, நான் போட்ட முடிச்சைத் தடவிப் பார்த்தார். “உப்பை அவங்களுக்குன்னு அளந்தேன். கேள்வியை யாரை விட்டுக் கேக்கறதுன்னு நான் யோசிக்கல” என்றார். தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டேன். “கொஞ்ச நாள். எவ்வளவுன்னு சொல்லத் தெரியல.” இரத்தத்தைக் கழுவ வெளிநாட்டில் ஏதோ இயந்திரம் வந்திருக்கிறதாம். இங்கே இல்லை. இருந்திருந்தால், சொல்லியிருந்தால், கேட்டிருந்தால்... இதில் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது?

இப்போது அவரிடம் வரும் தமிழ்ப் பெண்களைப் பாக்கியம் அக்கா என்ற ஆயாதான் தனியாக அழைத்துப்போய் விசாரிக்கிறார். கூட வரும் ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். உங்களுக்குக் கிடைக்காதது, அண்ணி.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். ஒரு வாரமாகச் செல்வி காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கிறது. அண்ணன் கொசுக்கடி என்றார். நானும் இரண்டு நாள் கொசுக்கடி என்றே சொல்லிப் பார்த்தேன். நேற்று முன்தினம் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். எவ்வளவு போகிறது என்று அவர் கேட்டதும் என் வாய் பழக்கதோஷத்தில், “நல்லாத்தான் போகுது டாக்டர்” என்றது. அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிள்ளையிடம் குனிந்து மலாயில் கேட்டார். உங்கள் மகள் அறை முழுக்கக் கேட்கும்படி, “சிக்கிட் சஜா, டாக்டர்!” என்றாள். கொஞ்சம்தானாம். எவ்வளவு கொஞ்சம் என்று விரலில் வேறு காட்டினாள். வெளிப் பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பயப்படாதேன்னும் சொல்ல மாட்டேன், பயப்படுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்க அளந்து கொண்டு வா” என்று போத்தலைக் கொடுத்தார். அதுதான் மேசையில் இருக்கிறது. நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை சேர்த்தது. கீழிருந்து இரண்டாவது கோட்டைக்கூடத் தொடவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அது ஏறுவதாக இல்லை. நீங்களாவது ஏதாவது செய்ய முடியுமா? அங்கே யாரிடமாவது கேட்க முடியுமா? உங்கள் பிள்ளை வெளியே ஓடி ஆடிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். இதை எழுதி முடித்ததும் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் வரை நடப்பேன். பிள்ளையார் கோவில் வாசலை மட்டும் விட்டுச் சுற்றிப் போவேன், அவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். “என்ன கிராணி, கையில என்ன?” என்று யாராவது கேட்டால், “என் அண்ணன் மகளோட மூத்திரம், டாக்டருக்குக் கொண்டு போறேன்” என்று நின்று பதில் சொல்வேன். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைத்தான் டாக்டரிடம் காட்டுவேன். செய்தித்தாள் மேசையில் மடித்தபடி இருக்கிறது அண்ணி. அதை நான் தொட மாட்டேன், இது சத்தியம்.

உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போன,
உங்கள் கொழுந்தன்
ராமையா