மாப்பிள்ளைக்கு ஏற்றிய வெள்ளைக்கொடி

அன்புள்ள மாஸ்டர்,

இன்று காலை எங்கள் தெருவில் பஸ் இல்லை. நேற்று மாலை தொடங்கிய பனி விடியும்வரை விடவேயில்லை. யன்னலால் பார்த்தால் கார்கள் நின்ற இடமெல்லாம் வெள்ளை மேடுகள். எதிர்வீட்டுக்காரி தன்னுடைய காரைத் தேடி இரண்டு மேடுகளைக் கிண்டி, மூன்றாவதில்தான் கண்டுபிடித்தாள். வானொலியில் ஒரு பெண் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடங்கள் பூட்டு, பஸ் ஓடாது, தலைபோகிற காரியம் இல்லாதவர்கள் வெளியே வரவேண்டாம். வழியில் வண்டி புதைந்துவிட்டால் அதன் உச்சியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள், வெள்ளை கட்டாதீர்கள், பனிக்குள் தெரியாது என்றும் சொன்னாள். அதைக் கேட்டு நான் குசினிக்குள் தனியே நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து ஐந்து நாள். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். நானே வந்து கூட்டிப்போவேன் என்று நேற்றுப் பெரிய வாயாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மகன் வேறு நகரத்தில் இருக்கிறான், அவனால் அசைய முடியாது. காலையில் அவளே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"நீங்கள் வரவேண்டாம். வழுக்கி விழுந்தா உங்களுக்கும் பக்கத்துக் கட்டில்தான்."

"வருவன்" என்றேன்.

"எப்பிடி?"

நகரத்தின் அந்தப் பக்கத்தில் அவள், இந்தப் பக்கத்தில் நான், நடுவில் ஒன்றும் ஓடாத ஒரு பெருவெளி. மாஸ்டர், இந்தக் கோலத்தில் நான் ஏற்கனவே ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்று எனக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள்.

அந்தக் கார்த்திகை மாதத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பிழை முழுவதும் என்னுடையது என்பதை நீங்கள் இல்லாத நேரத்திலாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் தினமும் திருகோணமலையிலிருந்து பஸ் ஏறி, துறையடியில் பாதையில் கடந்து, கிண்ணியாவில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தேன். பாதை என்றால் இங்கே என் மகன் தெருவைத்தான் நினைக்கிறான். பஸ்ஸையும் ஆட்களையும் ஆட்டையும் மாட்டையும் ஒன்றாகச் சுமந்து தண்ணீரைக் கடக்கும் அந்தத் தட்டையான மிதவைக்கு நாங்கள் அப்படித்தான் பெயர் வைத்திருந்தோம் என்று அவனுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குக் களைத்துவிடும். ஆறு வருடம் உங்களோடு ஒரே மேசையில் இருந்தேன். உங்கள் வீட்டுச் சோற்றை என் வீட்டுச் சோற்றைவிடக் கூடுதலாகத் தின்றேன். அப்படிப்பட்டவன் கலியாணக் கார்டுகளைக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் ஒரு கட்டாக வைத்துவிட்டுப் போனேன். உங்களுடையதும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா, நீங்கள் என் வீட்டு ஆள்தானே என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் கார்ட் என்பது வெறும் கடதாசி. வீடு தேடி வந்து, வாய் திறந்து, "வரவேணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் எங்களோடு படிப்பித்த ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார், நீங்கள் வரமாட்டீர்களாம் என்று. "மேசையில கிடந்த கார்டுக்கு மேசைதான் போகணும்" என்று சொன்னீர்களாம்.

பொன்னுருக்கி, தாலிக்குக் கொடுத்தாயிற்று. பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளை வீட்டுப் படி தாண்டக்கூடாது, தண்ணீர் கடப்பதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். அம்மாவிடம் உப்புவெளியில் அக்கா வீட்டுக்குப் போய் உடனே வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிண்ணியாவுக்கு வந்தேன். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். சிரிக்கவில்லை. உங்கள் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

"பிழை என்னிலதான், மாஸ்டர். நாளைக்குப் பத்து மணிக்கு முகூர்த்தம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"இத பத்து நாளைக்கு முந்திச் சொல்லியிருந்தா இந்த மழையில நனைஞ்சிருக்கத் தேவல்ல" என்றீர்கள். பிறகு என் தலையைத் துவட்டத் துவாய் தந்தீர்கள். அதோடு கோபம் முடிந்தது.

ஆனால் மழை முடியவில்லை. நாங்கள் துறையடிக்கு வந்தபோது காற்று தென்னைகளை நிலத்துக்கு வளைத்துக்கொண்டிருந்தது. பாதையை அக்கரையில் கட்டிவிட்டுப் பாதைக்காரர்கள் தங்கள் கொட்டிலுக்குள் போய்விட்டார்கள். இரவு முழுவதும் உங்கள் வீட்டில் ஓட்டில் மழை விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். அடுத்தது மார்கழி, மார்கழியில் கலியாணம் இல்லை. பெண்ணை மணவறையில் இருத்திவிட்டு மாப்பிள்ளை வரவில்லை என்றால், தை மாதத்தில் அந்தப் பெண் எனக்கு இருக்கமாட்டாள். அவளுடைய தகப்பன் அவ்வளவு ரோசக்காரர். அவளும்தான்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்தீர்கள். கையில் ஜும்ஆவுக்கு உடுக்கும் உங்கள் வெள்ளைச் சாரம் இருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் துறையடிக்கு நடந்தீர்கள்.

எழுதிவைக்காத சட்டம் ஒன்று அந்தத் துறைக்கு இருந்தது. பாதையைக் கட்டிவிட்டால் எந்தப் பெரிய உத்தியோகத்தர் வந்து கத்தினாலும் அவிழ்க்கமாட்டார்கள். கிண்ணியாக் கரைக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏறினால் மட்டும் வருவார்கள். மையித்து ஒன்று காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அடக்கம் சுணங்கக்கூடாது என்பதற்காக எந்தக் காற்றிலும் வருவார்கள். நீங்கள் சாரத்தின் இரண்டு மூலையைக் கம்பத்தில் முடிந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"மாஸ்டர், வேண்டாம்" என்றேன். நான் பயந்தது பொய்க்காக இல்லை. மாப்பிள்ளை நான், எனக்குச் சாவுக்கொடி. அம்மா அறிந்தால் அதோடு படுத்துவிடுவா.

"உங்கட அம்மாக்கு ஆரு சொல்லப்போற?" என்றீர்கள்.

பாதை வந்தது. அலையில் மூக்கைக் குத்திக் குத்தி எழுந்து வந்தது. தலைமைப் பாதைக்காரர், ஊருக்கே அண்ணனான மீராசா காக்கா, தலையில் சுற்றியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மரியாதையாக இறங்கினார்.

"மையித்து எங்க?"

நீங்கள் என்னைக் காட்டினீர்கள். "இந்தா நிக்கிறார். பத்து மணிக்குள்ள அக்கரைக்குப் போகாட்டி மையித்துத்தான்."

மீராசா காக்காவின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் மெல்லத்தான் கேட்டார். "நாலு பேர்ட உயிர வச்சி இழுத்து வந்திரிக்கம். கொடி பொய்யெண்டு ஆகிட்டா, நாளைக்கு உண்மையான மையித்துக்கு ஆரு வருவான்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

"பொய்யில்ல காக்கா. அது எனக்கெண்டுள்ள கொடி. நான் மவுத்தாகிற அண்டைக்கு ஏத்த வேண்டியத இண்டைக்கு ஏத்திட்டன். அண்டைக்கு நீங்க வர வேணாம்."

மீராசா காக்கா உங்களைப் பார்த்தார். பிறகு துண்டைத் திரும்பத் தலையில் சுற்றினார்.

"ஏறுங்க" என்று கையால் காட்டினார்.

நீங்களும் கொடியை அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஏறினீர்கள். அழைப்புச் சொன்ன பிறகு வராமல் விடுவது மரியாதையில்லையாம். அக்கரையில் பஸ் இல்லை, ஒரு கருவாட்டு லொறிதான் கிடைத்தது. எட்டரை மணிக்கு நான் வீட்டுப் படலையைத் திறந்தபோது அம்மா மூக்கைச் சுளித்து, "உப்புவெளியில கருவாட்டுக்குள்ளயோ படுத்தனீ?" என்று கேட்டா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்கு நீங்கள் முன்வரிசைக் கதிரையில் இருந்தீர்கள். உடுக்க வேறு ஒன்றும் இல்லாததால் அந்தச் சாரத்தையே உடுத்திருந்தீர்கள். என் சாவுக்கொடி என் கலியாணத்தில் கால்மேல் கால் போட்டு இருந்தது. "மாஸ்டரைப் பார், என்ன வெள்ளையா, பளிச்செண்டு வந்திருக்கிறார்" என்று அம்மா எல்லோருக்கும் காட்டினா. நான் சிரிப்பை அடக்கியதில் தாலி முடிச்சு கோணலாகப் போனது. இந்தக் கதையை என் வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை என்று இரண்டுபேரும் பேசிக்கொண்டோம். நீங்கள் கடைசிவரை காப்பாற்றினீர்கள்.

அந்தக் கடைசி, எழுபதுகளின் முடிவில் வந்தது. அதுவும் மாரியில்தான். நெஞ்சு வலி என்று திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டீர்கள். உங்கள் மச்சானும் நானும் வேனில் உங்களோடு துறையடிக்கு வந்தோம். பாதை கட்டிக் கிடந்தது. தண்ணீர் கோப்பி நிறத்தில் குமுறிக்கொண்டு போனது. மீராசா காக்கா தாடி நரைத்துக் கொட்டில் வாசலில் இருந்தார். நான் வேனிலிருந்து இறங்கும்போதே ஆஸ்பத்திரி வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். அவர்கள் இருக்கும் கரையில் கொடி தேவையில்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அன்று சொன்ன சொல் மட்டும் காதுக்குள் நின்றது. இவர் வரமாட்டேன் என்றால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டு போனேன்.

அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"அது வேணாம் தம்பி. இவருக்கெண்டுள்ள கொடி அண்டைக்கே ஏறிட்டு."

சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் அந்தத் துறையடியில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். வெட்கப்படவில்லை, இப்போதும் வெட்கப்படவில்லை. பிறகு வந்த வருடங்கள் எங்களை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டன. அவற்றைப் பற்றி உங்களுக்கு எழுதப்போவதில்லை. துறையில் இப்போது பாலம் இருக்கிறது. கொடியும் தேவையில்லை, காக்காவும் இல்லை.

இதுவரை காலையில் எழுதியது. மிச்சத்தை இப்போது, பின்னேரம் எழுதுகிறேன்.

பத்தரை மணிக்குப் பேனையை வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் கட்டடத்தின் கீழ் மாடியில் ஒரு போலந்துக்காரர் இருக்கிறார். முன்னால் பெரிய இரும்புத் தகடு பூட்டிய வண்டியில் பனி தள்ளுவது அவர் தொழில். ஏழு வருடமாகத் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். இந்த நாட்டில் ஒருவரின் கதவைத் தட்டி உதவி கேட்பதற்கு நான் இன்னும் பழகவில்லை. இன்று தட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன்.

யாருக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டார். பொய் சொல்ல நல்ல வசதியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குரிய கொடியை ஏற்கனவே வேறொருவர் தன் பெயரில் ஏற்றிவிட்டாரே. ஆகவே உள்ளதைச் சொன்னேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, என் மனைவி பன்னிரண்டு மணிக்குக் காத்திருப்பாள், வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு, ஏறு என்று கையால் காட்டினார். மீராசா காக்காவின் அதே கை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆஸ்பத்திரி வாசலில் பனியை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போய் இறங்கினேன். சக்கர நாற்காலியில் இருந்தவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு விசர்" என்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன், மாஸ்டர். நாம் பேசிக்கொண்டதை நான்தான் உடைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கார்ட், உப்புவெளிப் பொய், சாரம், கொடி, கடைசியில் மீராசா காக்கா சொன்னது, ஒன்றும் விடவில்லை. அவள் கோபிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்டைக்கு அவர் இருந்த கதிரைக்குக் கீழ தண்ணி நிண்டது" என்றாள். "மணவறையில இருந்து பாத்தனான். சொட்டுச் சொட்டா விழுந்துகொண்டிருந்தது. ஏனெண்டு நாப்பத்தைஞ்சு வருசமா எனக்கு விளங்கேல்ல."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"முதலே சொல்லியிருந்தா," என்றாள், "ஆரையாவது விட்டு அவருக்கு ஒரு துவாய் குடுப்பிச்சிருப்பன்."

இப்போது அவள் தூங்குகிறாள். வெளியே திரும்பப் பனி தொடங்கிவிட்டது. அலுமாரியைத் திறந்து நல்ல துவாய் ஒன்றை எடுத்து மடித்து, இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.