வாகடத்தின் மறுபாதி

12.2.1962

அலுமாரியின் மேல்தட்டும் இன்றோடு நிறைந்தது. "இனி ஒரு புத்தகம் வந்தால் நான்தான் வெளியிலை போகவேணும்" என்றாள் கனகாம்பிகை. கலியாணமான நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறாள், இன்னும் போகவில்லை.

வந்ததும் அரைப் புத்தகம்தான். தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டம் செய்யும் சோமசேகரம் தந்தார். 1867இல் அச்சான மாட்டு வாகடம். மாடுகளுக்கு வரும் நோயும் மருந்தும் சொல்வது. இன்னொரு பிரதியை நான் எங்கும் கண்டதில்லை. தகப்பன் ஆழ்வாப்பிள்ளை காலமானதும் இவரும் தங்கை குணலட்சுமியும் காணி, கிணறு, பனை எல்லாம் பங்கு போட்டார்களாம். கடைசியில் இது ஒன்று மிஞ்ச, நடுநூலை அறுத்து இதையும் பங்கு போட்டுவிட்டார்கள்! பிறகு ஒரு வேலியில் சண்டை வந்து பேச்சும் நின்றுபோயிற்று.

"காசு வேண்டாம். ஆனால் என்னைக் கேளாமல் குணலட்சுமியின்ரை பாதியோடை இதைச் சேர்க்கப்படாது" என்றார். ஓம் என்றேன். புத்தகம் கைக்கு வருகிறதென்றால் நான் எதற்கும் ஓம் சொல்வேன்.

13.2

முன்னுரை வாசித்தேன். ஒரு வருடம் கோமாரியில் மாடுகள் கும்பல் கும்பலாகச் சாக, ஒருவர் ஊர் ஊராய் நடந்து, கைமருந்து தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிய நூல் இது. மருந்து சொன்ன ஒவ்வொருவரின் பெயரும் கடைசிப் பக்கங்களில் உண்டாம். கடைசிப் பக்கங்கள் உடுப்பிட்டியில், தங்கை வீட்டில். எனக்கு அவை வேண்டும். எப்படியும் வேண்டும்.

4.3

உடுப்பிட்டிக்குப் போனேன். குணலட்சுமி தேத்தண்ணி தந்தார். புத்தகத்தைத் தூர வைத்தே காட்டினார்.

"அண்ணை அனுப்பினவரோ?"

"இல்லை."

"அப்ப தரமாட்டன். அவர் வந்து கேக்கட்டும்."

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அவருடைய பாதியில் 'பதின்மூன்றாம் நோய்க்கு', 'பதினாலாம் நோய்க்கு' என்று மருந்துகள் மட்டுமே இருக்கின்றன. எது என்ன நோய் என்பது முழுக்க என் பாதியில். ஒரு வீட்டில் நோய், மற்ற வீட்டில் மருந்து! பஸ்ஸில் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

19.3

கந்தோர் வேலையில் ஒரு கடிதத்துக்கு 1867 என்று திகதி போட்டுவிட்டேன்.

27.5

விடிய எழும்பினால் வாசலில் குணலட்சுமியின் கணவர் தம்பிராசா. சினைப்பசு வயிறு ஊதிப் படுத்துவிட்டதாம். "உங்கடை பாதியைக் கொண்டு வாங்கோ. என்ன நோயெண்டு தெரியாமல் மருந்தை வைச்சு என்ன செய்யிறது?"

எனக்கு முதலில் தோன்றியது பசு அல்ல. இப்போது கேட்டால் மறுபாதியைத் தருவார்கள் என்பதுதான். சீ, நானும் ஒரு மனிதனா?

ஆனால் சோமசேகரத்துக்குக் கொடுத்த வாக்கு? கார் பிடித்து முதலில் தெல்லிப்பழைக்கே போனோம். மனிதர் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பசு? ஐயா சீதனமாய்க் குடுத்த வெள்ளைச்சி போட்ட கண்டோ?"

"ஓம்" என்றார் தம்பிராசா, வேலிப் படலைக்கு வெளியே நின்றபடி.

"பிறகேன் நிக்கிறியள்? ஏறுங்கோ!" காலில் சேற்றோடு காரில் ஏறிவிட்டார்.

உடுப்பிட்டியில், மாட்டுக்கொட்டிலில் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். "இடப்பக்கம் ஊதும், அசை போடாது... பதினாலாம் நோய்" என்று அண்ணன் வாசித்தார். தங்கை பக்கம் புரட்டினார். "ஓமம், இஞ்சி..." பிறகு அழுதுவிட்டார். "நீ அழாமல் வாசி, பிள்ளை" என்றார் அண்ணன்.

28.5

பசு அசை போடுகிறது.

3.6

அண்ணனும் தங்கையும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள்! "இதையும் சேர்த்துக் கட்டுவியுங்கோ" என்று மறுபாதியை நீட்டினார் குணலட்சுமி. இரண்டு கையாலும் வாங்கினேன்.

சோமசேகரம் மெல்லச் சொன்னார். "கட்டினாப் பிறகு எங்களுக்கு வேணும். பங்குக் கிணத்திலை தண்ணிக்குப் போலை முறை வைப்பம். ஆடிப்பிறப்பிலையிருந்து எனக்கு, பட்டிப்பொங்கலிலையிருந்து தங்கச்சிக்கு."

நல்லது என்றேன். நல்லதுதான். ஆனால் அரையாவது இருந்தது, அதுவும் போயிற்றே! கனகாம்பிகை என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேளாமலே இன்னொரு மாம்பழம் வெட்டி வைத்தாள்.

21.6

கட்டி வந்தது. கடைசிப் பக்கங்களை ஆசை தீர வாசித்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்: தெல்லிப்பழை அன்னப்பிள்ளை. பதினாலாம் நோய்க்கு மருந்து சொன்னவள் அவள்தான். பெயர்களையெல்லாம் கையால் எழுதிக் கொப்பி பண்ணினேன். கொப்பி கொப்பிதான்.

17.7

ஆடிப்பிறப்பு. புத்தகத்தைத் தெல்லிப்பழையில் கொடுத்தேன். கூழும் கொழுக்கட்டையும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறக்கவில்லை.

8.1.1963

சோமசேகரம் சைக்கிளில் வந்தார், புத்தகத்தோடு.

"பட்டிப்பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கே" என்றேன்.

"அந்தக் கிழமை உமக்கு. இனி ஒவ்வொருக்கா கை மாறேக்கையும் இடையிலை ஒரு கிழமை உம்மட்டைத்தான் இருக்கும். நானும் தங்கச்சியும் கதைச்சிட்டம்."

"எனக்கேன்?"

"இதென்ன கேள்வி? பங்குக்காரனுக்கு முறை விடாமல் இருக்கலாமோ?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அலுமாரியைத் திறந்தேன். வாகடம் இருந்த இடத்தில் வேறொன்றும் வைக்காமல், கனகாம்பிகை தூசு தட்டி வைத்திருந்தாள்.