மூன்று மணி நோயாளி

என் அன்புள்ளவளுக்கு,

நேரில் சொன்னால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன். நேற்று குடை கொடுக்க உன் பிசியோதெரபி அறைக்கு வந்தேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், ஒரு தச்சரின் விரல்களை வெந்நீரில் வைத்து, மூட்டு மூட்டாக மெல்ல மடக்கிக்கொண்டிருந்தாய்.

"வலிச்சா உடனே சொல்லுங்க, அவசரமே இல்ல" என்றாய்.

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! குடையோடு திரும்பிவிட்டேன். மாலையில் நீ நனைந்துகொண்டு வந்தாய்.

ஆறு மாதமாகக் காலையில் என் விரல்களும் மடங்குவதில்லை. ஊசியில் நூல் கோக்கவே அரை மணி நேரம் ஆகிறது. நீயாகக் கவனிப்பாய் என்று காத்திருந்தேன்.

இன்று டாக்டரிடம் போனேன். முப்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்ததில் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றனவாம். "விரல் பயிற்சி செஞ்சா வலி குறையும். உங்க வீட்டம்மா இருக்கும்போது என்ன கவலை?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராக உன் வரவேற்பறைக்குப் போய்ப் பதிவு செய்தேன்.

"ஏன் சார், வீட்டுலயே பாக்க மாட்டாங்களா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"வீட்டுல அவங்களுக்கு நேரம் கிடைக்கல" என்றேன்.

செவ்வாய் மூன்று மணி. இருபது நிமிடம் உன் கைக்குள் என் கை இருக்கும். வலி இல்லாவிட்டாலும் வந்திருப்பேன்.

உன் தையல்காரன்