கழுவிவிட்ட கருநீலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவாய், காகிதம் என்றால் முழுதும் சொல்லி முடிக்கலாம். வேதியியல் பரீட்சை எழுதப்போகிறேன் என்றதற்கு, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. நீ படித்த பள்ளியின் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சோதனைக்குழாயும் பீக்கரும் கழுவுகிறவள் நான். உதவியாளர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லோரும் வாயால் கொடுத்துவிட்டார்கள், புதுத் தலைமை ஆசிரியை மட்டும் காகிதம் கேட்டார். "வேதியியல்ல பாஸ் பண்ணின சான்றிதழ் இருந்தா உங்களுக்கு, இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் வரும்" என்றார். வெளியிலிருந்து வருகிற ஆளுக்கு எந்த அலமாரியை எங்கே தட்டினால் திறக்கும் என்று தெரியுமா, நீயே சொல்.

புத்தகத்தைத் திறந்த முதல் நாளே, இடத்தை அடைத்துக்கொண்டு நிறையும் உடையது எல்லாம் பருப்பொருள் என்று போட்டிருந்தது, நிமிர்ந்தால் சோபாவில் உன் அப்பா. அதனால் முதல் பாடம் சிரமமில்லை. அணுவுக்கு நடுவில் கரு, கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும், சுற்றிலும் கூடு கூடாக எலக்ட்ரான் என்பதும் மண்டையில் ஏறிவிட்டது. மாட்டிக்கொண்டது தனிம வரிசை அட்டவணையில்தான். அதில் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப்போக அணு சின்னதாகிறதாம். உன் அப்பா தையல்காரர் அல்லவா, அளவு விஷயத்தில் யாருக்கும் அடங்க மாட்டார். "கட்டத்துக்கு ஒரு எலக்ட்ரான் கூடுதுங்கிறே, ஆள் பருத்தா சுற்றளவும் கூடணும், இது அச்சுப்பிழை" என்று கழுத்தில் டேப்போடு தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூன்று நாள் இதே சண்டை. நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல் அவர் தைத்து வைத்திருந்த கால்சட்டையின் இடுப்பு நாடாவைப் பிடித்து இழுத்து, "கூடுறது அதே கூட்டுலதான், உள்ளே புரோட்டானும் கூடிக்கிட்டே போகுது, அது பிடிச்சு இழுக்குது, இழுத்தா சுருங்குமா சுருங்காதா" என்று கத்தினேன். சுருங்கியது. அவரும் கொஞ்சம் சுருங்கினார்.

அட்டவணையில் மேலிருந்து கீழே வந்தால் கூடுகள் கூடி அணு பெரிதாகும், கடைசி எலக்ட்ரான் மேல் கருவுக்கு இருக்கிற பிடி தளரும், அது சுலபமாகக் கழன்றுகொள்ளும். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லித்தியம் தண்ணீரில் முணுமுணுக்கும், சோடியம் ஓடும், பொட்டாசியம் தீப்பிடிக்கும் என்று இத்தனை வருடமாகப் பார்த்துவருகிறேன், பொட்டாசியம் பாட்டிலைத் துடைக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. அன்று சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், உன் அப்பா பரீட்சைப் பயம் என்று நினைத்துத் தலைவலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்.

எழுத்துத் தேர்வில் அணு ஏன் சுருங்குகிறது என்ற அதே கேள்வி ஐந்து மார்க்குக்கு வந்தது, நாடா உட்பட எழுதிவைத்தேன். செய்முறைத் தேர்வில்தான் கோட்டை விட்டேன். மயில்துத்தக் கரைசலில், அதுதான் காப்பர் சல்பேட், அம்மோனியாவை விட்டால் முதலில் வெளிர்நீலமாகத் திரளும், இன்னும் விட்டால் அது கரைந்து கருநீலமாகும். எனக்கு வந்த கருநீலம் கண்ணை எடுக்க முடியாத அழகு. தேர்வாளர் நாலு மேசை தள்ளி வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் மேசை சுத்தமாக இருக்கட்டும் என்று குழாயைக் கொட்டி, பிரஷ் போட்டுக் கழுவி, தாங்கியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதோடு நின்றேனா, என்னைப் போலவே தனியாகப் பரீட்சை எழுத வந்து, பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நம் தெருத் தபால்காரருடையதையும் கழுவிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்கவில்லை. தேர்வாளர் வந்து "கலர் எங்கம்மா" என்றார், கழுவிட்டேன் என்றேன். இவருடையது என்றார், அதையும்தான் என்றேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒரு பொட்டுக் கறை இல்லை. "இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே, கழுவிய குழாயில் மறுபடி துத்தத்தை ஊற்றிச் செய்தேன், மறுபடியும் வந்தது. தபால்காரர் ஒரு கையால் ஊற்றி, மறு கையால் என்னிடமிருந்து குழாயை மறைத்துக்கொண்டே செய்து முடித்தார்.

முடிவு நேற்று வந்தது. பாஸ் செய்துவிட்டேன், எழுத்தில் எண்பதுக்கு அறுபத்தொன்று, செய்முறையில் இருபதுக்குப் பதினாறு. அதைக் கொண்டுவந்ததும் அந்தத் தபால்காரர்தான், அவரும் பாஸாம், ஆனாலும் இரண்டடி தள்ளி நின்றுதான் நீட்டினார். திங்கட்கிழமை முதல் நான் ஆய்வக உதவியாளர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் வெளிநாட்டுக்கு உன்னிடம் வருவதற்காக நீ நிரப்பி அனுப்பிய விசாப் படிவத்தில், அம்மாவின் தொழில் என்ற இடத்தில் வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். "அவசரத்துல எழுதியிருப்பா" என்று அப்பா உனக்காகப் பேசினார். அவசரம் இல்லை, எனக்குத் தெரியும். பள்ளியில் படிக்கிற காலத்தில் சிநேகிதிகளோடு வரும்போது என்னைப் பார்க்காதது போலத் தாண்டிப் போவாய், அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், வலித்தது. நீ எழுதியதை அடித்துவிட்டு ஆய்வக உதவியாளர் என்று எழுதியிருக்கிறேன். எத்தனை வருட அனுபவம் என்று கேட்ட இடத்தில் இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறேன். எல்லாம் கழுவிய வருடங்கள்தான், ஒன்றைக்கூட விடவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. படிவம் இதோடு இருக்கிறது, அழைக்கிறவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அங்கே கொடுத்துவிடு, நான் திருத்தியதை மட்டும் திருத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா