பெருமாளுக்குக் கொடுத்த முடி

மார்ச் 9, சனி
டாக்டர் கேத்தரின் என்னை ‘சஹானா’ என்று கூப்பிட்டார். வீட்டில் நான் இன்னும் கேசவ்தான். அப்பா தொண்டையைச் செருமினார்.

பதினாலு வயதில் பெண் ஹார்மோன் கிடையாதாம். அது பின்னால், நன்றாக யோசித்து. இப்போதைக்குப் பருவத்தை நிறுத்தி வைக்கிற ஊசி. எலும்பைக் கவனிக்க வேண்டும், ரத்தப் பரிசோதனை, அப்பா அம்மா இருவரின் சம்மதம். “குரல் உடைஞ்சுட்டா ஊசியால திருப்ப முடியாது. யோசிங்க சார், ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க.”

வீடு திரும்புகையில் சில்க் போர்டு சிக்னல் நெரிசல் முழுக்க அப்பா எஃப்எம் கேட்டுக்கொண்டு வந்தார்.

மார்ச் 17
காலையில் எழுந்ததும் ‘ஆ’ சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் என் குரல்தான்.

மார்ச் 30
அப்பா வாயைத் திறந்துவிட்டார்! “திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. மொட்டை போட்டுண்டு வா, அப்புறம் டாக்டரைப் பாக்கலாம்.”

தோள்வரை வளர்த்த முடி. இதற்காகப் பள்ளியில் எத்தனை திட்டு! போகட்டும். பெண்களும்தான் அங்கே மொட்டை போடுகிறார்கள். முடி போனால் முளைக்கும். குரல்?

ஏப்ரல் 13, திருமலை
மழித்தவள் என்னை ‘அம்மா’ என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கண்ணில் தண்ணீர். பாவம் மனுஷன் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 15
டாக்டரிடம் எப்போது என்று கேட்டேன். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

“வேண்டுதல் என்னன்னு நீ கேக்கவே இல்லையே. எம்புள்ளை புள்ளையாவே இருக்கணும்னு வேண்டிண்டேன். நீயே தலையைக் குடுத்துட்ட. பெருமாளும் வாங்கிண்டுட்டார். இனிமே அந்தப் பேச்சே கிடையாது, கேசவ்.”

அம்மாவைப் பார்த்தேன். “ரசம் விடட்டுமா?” என்றாள்.

அவளுக்கும் தெரியும். ரெண்டு பேருக்குமே தெரியும்! திருப்பதி போற ட்ரெயின்ல எனக்கு தயிர்சாதம் ஊட்டி விட்டாளே — தெரிஞ்சுண்டேவா ஊட்டினா?

ஏப்ரல் 16
டாக்டருக்கு நானே ஃபோன் செய்தேன். பெற்றோர் சம்மதம் இல்லாமல் முடியாது, அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அப்பா அவர் நம்பரை ப்ளாக் செய்துவிட்டார்.

ஜூன் 8
முடி விரலில் பிடிபடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்பா சலூனுக்கு அழைத்துப்போய் ஒட்ட வெட்டச் சொன்னார். வரும் வழியில் மசாலா தோசை வாங்கித் தந்தார். சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட பசி.

ஜூலை 21
‘ஆ’ பாதியில் கிழிந்தது.

ஜூலை 22
இன்றும்.

அக்டோபர் 31, தீபாவளி
அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவர் ஃபோன் அடித்தது. எடுத்து “ஹலோ” என்றேன். மைசூர் அத்தை, அப்பாவின் அக்கா.

“சீனு, நன்னா இருக்கியாடா?”

“நன்னா இருக்கேன்” என்றேன்.