இரண்டு ஊர் வெள்ளையடிக்கும் கல்

செவ்வாய்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருத்தங்கல் அச்சாபீசிலிருந்து அட்டைப்பெட்டி ஒரு லோடு. மதியம் என் வண்டி பூரணி மேடத்துக்கு வாடகை. மதுரைக் காலேஜில் சரித்திர டீச்சர். அந்தக் காலத்துச் சின்னச் சின்ன நாடுகளைப் பாண்டியர் எப்படி ஒன்றாகச் சேர்த்தார்கள், சேர்த்த பிறகு எல்லை என்ன ஆனது, இதுதான் ஆராய்ச்சியாம். எல்லைக்கல் தேடி அலைகிறார். மல்லாங்கிணறு தாண்டி, நாங்கள் கருப்பசாமி என்று கும்பிடும் கல்லைக் காட்டினேன். சுண்ணாம்பு மேலே விரலால் தடவினார். முகம் தீபாவளி போனஸ் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. அடியில் வட்டெழுத்து!

சிக்கல் என்னவென்றால், கிழக்கு முகத்துக்கு எங்கள் ஊர் வெள்ளையடிக்கும், மேற்கு முகத்துக்கு என் வீட்டுக்காரி ஊர். மாற்றித் தொட்டால் அடிதடி. இரண்டு பக்கமும் படிக்காவிட்டால் இவ்வளவு நாள் உழைப்பும் வீண் என்கிறார் மேடம்.

புதன்
புழுக்கம். சுண்ணாம்பைக் கழுவ எங்கள் ஊர் சரி என்றது. அந்த ஊர்ப் பூசாரி என் மச்சான், முடியவே முடியாது என்றார். நல்லது, மேடம் எழுதும் பேப்பரில் எங்கள் பக்கம் மட்டும் வரட்டும் என்று வண்டியைக் கிளப்பினேன். பின்னாலேயே ஓடி வந்தார்.
"ஏன் மாப்ள, எங்க பக்கம் எழுத்து இல்லைன்னு எவன் சொன்னது?"
வாங்க வேண்டியது: தேங்காய் நார், வாளி, மச்சானுக்கு வெற்றிலை.

வெள்ளி
மேகம், மழை இல்லை. கல்லில் அவரவர் முகத்தை அவரவர் கழுவியாயிற்று. எழுத்தைப் படியெடுக்க நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினார் மேடம். எங்கள் பக்கம் இரண்டு நாட்டின் பேர். அதோடு நின்றுவிட்டது. மீதி அந்தப் பக்கமாம். எங்கள் ஆட்கள் முண்டியடித்து மேற்கே போனார்கள். அங்கே இருந்தவர்கள் தொடக்கம் பார்க்க இங்கே வந்தார்கள். ஒருத்தரும் தடுக்கவில்லை.

இரண்டு நாட்டாருக்கும் ராசா ஒருத்தர், குளம் ஒன்று, எல்லை மட்டும் அப்படியே. இப்படிப் படித்துச் சொல்லிவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார்.
"எல்லையை அழிக்கல அண்ணே. வச்சுக்கிட்டேதான் சேத்திருக்காங்க."
எனக்கு ஏதோ நானே ராசா மாதிரி.

இனி வெள்ளையடிக்காமல் விடுங்கள் என்று மேடம் கேட்டார். மச்சான் எங்கள் ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டு மேடத்திடம் கேட்டார்.
"சாமிய அம்மணமா நிக்கச் சொல்றீகளா, தாயி?"
"அதானே," என்றார் எங்கள் பெரியவர்.

இரண்டு ஊரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மைப்படி பத்திரமாக வண்டி சீட்டில். சாயங்காலமே வெள்ளையடிப்பு. எங்கள் பக்கம் பாதியில் சுண்ணாம்பு தீர்ந்தது. மச்சான் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு, தன் சுண்ணாம்பு வாளியைக் காலால் இங்கே தள்ளினார்.